திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரியா? வீட்டில் எங்கெங்கே பார்க்க வேண்டும்

அரசு ஆஸ்பத்திரி குழந்தைகள் வார்டு வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் இந்தப் பேச்சு கட்டாயம் காதில் விழும்: "போன மாசம்தான் வீட்டுக்கு அனுப்பினாங்க, மறுபடியும் இழுப்பு வந்துடுச்சு." மருந்து சரியாகத்தான் கொடுத்திருப்பார்கள். ஆனால் குழந்தை திரும்பிப் போனது அதே வீட்டுக்கு. அதே விறகுப் புகை, அதே ஓதம் ஏறிய சுவர், காற்றே வராத அதே அறை.

ஒரே ஆளுக்கு ஒரே தொந்தரவு ஒரு வருஷத்துக்குள் இரண்டாவது முறை வந்தால், மாத்திரையை மாற்றித் தரச் சொல்லிக் கேட்பதோடு நிற்காமல் வீட்டையும் ஒரு சுற்றுப் பாருங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி வீடுகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். உங்களுக்குப் பொருந்தும் அறிகுறியை மட்டும் தேடிப் படித்தாலும் போதும்.

வீட்டைப் பார்க்க நேரமில்லாத நிலைமைகள்

மூச்சு இழுக்கும்போது குழந்தையின் விலாவுக்குக் கீழே குழி விழுகிறது, பால் குடிக்க முடியவில்லை, உதடு நீலமாகிறது. காய்ச்சல் விட்ட பிறகு வயிற்றுவலியும் வாந்தியும் நிற்காமல் வருகிறது. வெயிலில் இருந்தவர் உளறுகிறார். தூங்கி எழுந்தவருக்குக் கண் இமையைத் தூக்க முடியவில்லை. இதில் எது இருந்தாலும் உடனே 108. மற்றதெல்லாம் அப்புறம்.

எல்லா அறிகுறிக்கும் முதலில் கேட்க வேண்டியவை

எந்த நேரத்தில் அதிகமாகிறது? ராத்திரியிலா, சமைக்கும்போதா, ஐப்பசி மழையிலா, சித்திரை வெயிலிலா? வீட்டில் யாருக்கெல்லாம் இருக்கிறது? ஒரே அறையில் படுப்பவர்களுக்கு மட்டும் என்றால் அதுவே பாதி விடை. மூன்றாவது கேள்விதான் ரொம்ப முக்கியம்: வேறு வீட்டில் போய்த் தங்கினால் குறைகிறதா? பள்ளி விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்குப் போன குழந்தை அங்கே ஒரு நாள்கூட இருமாமல் இருந்து, திரும்பி வந்த இரண்டாம் ராத்திரியே இழுக்க ஆரம்பித்தால், தேட வேண்டிய இடம் உங்கள் வீடுதான். டாக்டரிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனையில் தெரியாத விஷயம் இது.

அறிகுறி: குழந்தைக்கு இழுப்பு, வீட்டுப் பெண்களுக்கு விடாத இருமல்

புகை, ஓதம், குளிர் என்று மூன்று காரணங்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். மூன்றும் ஒரே வீட்டில் சேர்ந்தும் இருக்கும். புகையில் ஆரம்பியுங்கள். அதைச் சரிசெய்தால்தான் சீக்கிரம் பலன் தெரியும்.

"எங்ககிட்டதான் கேஸ் இருக்கே" என்பார்கள். இருப்பது உண்மைதான். ஆனால் பல வீடுகளில் காலை டீக்கும் அவசரத்துக்கும் மட்டும்தான் கேஸ். குளிக்க வெந்நீர், ராகிக் களி, மாட்டுக்குக் கஞ்சி எல்லாம் விறகில். சிலிண்டர் தீர்ந்தால், அடுத்ததற்குக் கையில் காசு சேரும்வரை முழுக்க விறகு. ஆகவே கேஸ் இருக்கிறதா என்று கேட்டுப் பயனில்லை. நேற்று எந்தச் சமையல் எந்த அடுப்பில் நடந்தது என்று கேளுங்கள்.

அப்புறம் அடுப்படிச் சுவரை நிமிர்ந்து பாருங்கள். ஜன்னல் இல்லாத அடுப்படியில், ஆள் உயரத்துக்கு மேலே சுவர் முழுக்கக் கருத்திருக்கும். ஓட்டுச் சட்டத்தில் தொங்கும் ஒட்டடை மெல்லிய நூலாக இருக்காது. கரி படிந்து தடித்துப்போய் இருக்கும். மேல் அலமாரியை ஒரு வெள்ளைத் துணியால் துடையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு கருப்பு ஒட்டிக்கொண்டு வந்தால், அந்தப் புகை பக்கத்து அறையில் தூங்கும் குழந்தையின் நெஞ்சுக்குள்ளும் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் எரிக்கும் விறகு, கரி, மண்ணெண்ணெய்ப் புகையால் 2020-இல் உலகம் முழுக்கச் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் 2.37 லட்சத்துக்கு மேல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். பீடி, சிகரெட்டைத் தொட்டே பார்க்காத பாட்டிக்குப் புகைபிடிப்பவருக்கு வரும் நுரையீரல் அடைப்பு நோய் வருவதும் இந்த அடுப்பால்தான்.

சரிசெய்யும் வரிசை: முழுச் சமையலும் கேஸுக்கு மாறினால் நல்லது. முடியாவிட்டால் வெந்நீர் அடுப்பையும் மாட்டுக் கஞ்சி அடுப்பையும் முதலில் வெளியே கொண்டு போங்கள். அதிக நேரம் எரிவது அவைதான். உள்ளேயே எரிக்க வேண்டும் என்றால், கூரையைத் தாண்டி மேலே நீளும் புகைபோக்கி வேண்டும்; சுவரில் ஒரு ஓட்டை போட்டால் காற்று அடிக்கும்போது புகை திரும்பி உள்ளேதான் வரும். விறகு நன்றாகக் காய்ந்திருக்கட்டும். அடுப்பு எரியும் நேரத்தில் இடுப்பில் குழந்தை வேண்டாம். கொசுவர்த்திச் சுருளும் புகைதான், அதையும் கணக்கில் சேருங்கள்.

புகை இல்லை, ஆனாலும் இழுக்கிறது என்றால் சுவரைப் பாருங்கள். பீரோவை நகர்த்துங்கள், பாய் சுருட்டி வைத்த மூலையை முகர்ந்து பாருங்கள். கரும்பச்சைப் புள்ளிகளும் மக்கிய வாடையும் இருந்தால் அது பூஞ்சை. அதன் மேல் பெயிண்ட் அடித்தால் அடுத்த மழைக்குப் பெயிண்டோடு உரிந்து வரும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் பணம் செலவழிக்காதீர்கள்.

கண்டுபிடிக்கச் செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. ஓர் அடிக்கு ஓர் அடி அளவில் கெட்டியான பிளாஸ்டிக் தாளை வெட்டி, ஓதம் தெரியும் இடத்தில் நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டுங்கள். இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். அறைப் பக்கம் நீர்த்துளி நின்றால், ஈரம் உள்ளே இருந்து வருகிறது: சமையல் ஆவி, உள்ளேயே காயப்போடும் துணி, மூடிய ஜன்னல். காற்றோட்டம் கொடுத்தாலே பாதி சரியாகும். பிளாஸ்டிக்குக்கும் சுவருக்கும் நடுவே நனைந்திருந்தால், தண்ணீர் சுவர் வழியாக வருகிறது. அப்போது தார்சுக் கூரையில் வெடிப்பு, குளியலறைக் குழாய், சுவரை ஒட்டிக் கொட்டும் கூரைத் தண்ணீர், வெளியே உயர்ந்துவிட்ட தெரு மட்டம் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். இரண்டு மூன்று முறை சிமெண்டு ரோடு போட்ட தெருவில், வீட்டுத் தரை ரோட்டுக்குக் கீழே போயிருக்கும். மழைத் தண்ணீர் முழுதும் அஸ்திவாரத்தில்தான் இறங்கும். இதைக் கொத்தனார் மட்டும் தீர்க்க முடியாது. வாறுகால், அதாவது தெருவோர வடிகால், கேட்டு ஊராட்சிக்கு எழுத வேண்டும். அதுவரைக்கும் குழந்தையின் படுக்கையைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளிப் போடுங்கள், பூஞ்சையைச் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். தேய்ப்பவர் மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். இழுப்பு உள்ளவர் அப்போது வீட்டில் இருக்கக்கூடாது.

மூன்றாவது குளிர். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் மார்கழி ராத்திரி எப்படி இருக்கும் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஷீட் வீட்டில் அது இன்னும் மோசம். நியூசிலாந்தில் 1,350 வீடுகளை எடுத்து, பாதிக்கு முதலிலேயே கூரையிலும் தரையடியிலும் குளிர் தடுப்பு வைத்துப் பார்த்தார்கள். அந்த வீடுகளில் குழந்தைகளுக்கு மூச்சிரைப்பு குறைந்தது, பள்ளிக்கு லீவு போடுவதும் குறைந்தது. 2007-இல் வெளிவந்த ஆய்வு அது. அவர்கள் குளிர் வேறு, நம் குளிர் வேறு. ஆனாலும் மருந்தைத் தொடாமல் வீட்டை மட்டும் மாற்றியே பலன் கிடைத்தது. இங்கே ஷீட்டுக்குக் கீழே ஒரு தட்டி அடித்து இடைவெளி விட்டால் குளிருக்கும் வெயிலுக்கும் சேர்த்து உதவும். ஒன்றே ஒன்று: குளிருக்காகக் கரி அடுப்பை உள்ளே வைத்துக் கதவை மூடித் தூங்காதீர்கள். அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

அறிகுறி: இரண்டு வாரம் தாண்டிய இருமல், எடை குறைவு, சாயங்காலக் காய்ச்சல்

இதற்கு வீட்டைப் பார்ப்பதற்கு முன் சளிப் பரிசோதனை. அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். காசநோய் என்று உறுதியானால் மருந்தும் இலவசம், சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும்.

வீடு இதில் எங்கே வருகிறது? ஓசூரில் சிப்காட் வேலைக்கு வந்தவர்கள் தங்கும் லைன் வீடுகளைப் பாருங்கள். ஒரு அறை, ஒரு கதவு, நாலைந்து பேர். பகல் ஷிப்ட் போனவர் எழுந்த பாயில் ராத்திரி ஷிப்ட் முடித்தவர் படுக்கிறார். ஒரே ஜன்னலும் திருட்டுப் பயத்தில் எப்போதும் மூடியே இருக்கும். ஒருவர் இருமினால் அந்தக் காற்றைத்தான் எல்லாரும் விடியும்வரை சுவாசிக்கிறார்கள். எதிரெதிரே இரண்டு திறப்பு இருந்தால்தான் காற்று ஓடும். கதவுக்கு எதிர்ச் சுவரில் உயரத்தில் ஒரு வென்டிலேட்டர் உடைத்துக் கம்பி வலை போட்டால் திருடனும் வரமாட்டான். வீட்டுக்காரர் சம்மதிக்கும் அளவுக்குச் சின்ன வேலை இது. கூடப் படுத்தவர்கள் எல்லாரும், முக்கியமாக ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், இருமல் இல்லாவிட்டாலும் பரிசோதனைக்குப் போக வேண்டும். தேவைப்பட்டால் தடுப்பு மருந்தும் தருவார்கள்.

அறிகுறி: பிள்ளைகள் பல்லில் பழுப்புக் கோடு, நாற்பது வயதிலேயே கழுத்தும் முதுகும் விறைப்பு

நம் இரண்டு மாவட்டங்களின் பழைய துன்பம் இது. நிலத்தடிப் பாறையிலிருந்து ஃபுளோரைடு கரைந்து போர் தண்ணீரில் வருகிறது. இந்திய தர அளவுப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை சரி. வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை. அதைத் தாண்டிய தண்ணீரை வருஷக்கணக்கில் குடித்தால் முதலில் பல்லில் சுண்ணாம்பு வெள்ளைத் திட்டு, அப்புறம் பழுப்புக் கோடு, கடைசியில் எலும்பு மூட்டு இறுகிக் குனிய முடியாமல் போகும். வலி மாத்திரை வாங்கி வாங்கிச் சாப்பிட்டு வயிறு புண்ணானவர்கள் இங்கே நிறையப் பேர்.

இதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம் வந்தது. 2008-இல் அடிக்கல், 2013-இல் தண்ணீர். ஆனால் உங்கள் தெருக் குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் வருவதும் உங்கள் குழந்தையின் வயிற்றுக்குள் அது போவதும் ஒன்றல்ல. குடிக்க ஆற்றுத் தண்ணீர், சோறும் களியும் சாம்பாரும் போர் தண்ணீரில் என்று நடக்கும் வீடுகள் உண்டு. அரிசியும் பருப்பும் தண்ணீரை உறிஞ்சுகின்றனவே, அதிலிருக்கும் ஃபுளோரைடும் சேர்ந்துதான் உள்ளே போகும். இன்னொரு தவறான நம்பிக்கை, காய்ச்சினால் சரியாகும் என்பது. கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அளவு கூடத்தான் செய்யும். துணி வடிகட்டியும் மண்பானையும் இதற்கு உதவாது. ஆர்.ஓ. இயந்திரம் நீக்கும்.

செய்ய வேண்டியது: போர் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். ஊராட்சிகளில் களப் பரிசோதனைப் பெட்டியும் கொடுத்திருக்கிறார்கள், கேளுங்கள். ஒரே தெருவில் இரண்டு போருக்கு இரண்டு அளவு வரும், பக்கத்து வீட்டுக் கணக்கு உங்களுக்குச் செல்லாது. அளவு அதிகமென்றால் அந்தத் தண்ணீர் குளிக்க, துவைக்க, மாட்டுக் கொட்டகை கழுவ மட்டும். பால், கீரை, நெல்லிக்காய் சேர்த்துக்கொள்ளுங்கள். கருப்பு உப்பைத் தவிருங்கள். வந்துவிட்ட கறை போகாது. ஆனால் பால் பல் விழாத தம்பி தங்கைக்கு நிரந்தரப் பல் வெள்ளையாக முளைக்க வேண்டுமென்றால் இன்றைக்கே மாற்ற வேண்டும்.

அறிகுறி: வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவருக்குக் காய்ச்சல்

ஒகேனக்கல் தண்ணீர் தினமும் வராத ஊரில் டிரம்மிலும் அண்டாவிலும் பிடித்து வைப்பார்கள். வைக்காமல் என்ன செய்வது! டெங்குக் கொசு முட்டையிடுவதும் அந்த நல்ல தண்ணீரில்தான். சாக்கடையைக் காட்டிச் சண்டை போடுகிறோம். ஏடிஸ் கொசுவுக்கு உங்கள் நீல டிரம் போதும். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் பத்து நாள். ஆகவே வாரம் ஒரு நாள் காலி செய்யுங்கள். வெறுமனே கொட்டினால் பற்றாது. தண்ணீர் நின்ற மட்டத்தில் உள்சுவரில் கரும்புள்ளிகளாக முட்டை ஒட்டியிருக்கும். காய்ந்து மாதக்கணக்கில் கிடந்தாலும் மறுபடி தண்ணீர் பட்டால் பொரியும். நார் போட்டு அழுத்தித் தேயுங்கள், அப்புறம் துணியால் இறுக்கிக் கட்டி மூடுங்கள். ஃபிரிட்ஜின் பின் தட்டு, மொட்டை மாடி டயர், தேங்காய்ச் சிரட்டை, மூடி போன தொட்டி ஆகியவற்றையும் பாருங்கள். காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும். வேறு வலி மாத்திரை ரத்தக்கசிவைக் கூட்டலாம்.

ஐந்து நாளாகியும் விடாத காய்ச்சல், டெங்கு இல்லை என்று வந்துவிட்டது என்றால், உடம்பு முழுக்கத் தேடுங்கள்: அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே, இடுப்புக் கயிறு கட்டும் இடம். சிகரெட் சுட்ட அளவில் ஒரு கரும்பொருக்கு, வலியே இல்லாமல் இருந்தால் அதை டாக்டரிடம் காட்டுங்கள். புதர்ப் பூச்சியால் வரும் ஸ்கரப் டைபஸ் காய்ச்சலின் அடையாளம் அது. டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் சீக்கிரம் அடங்கும். விட்டால் நுரையீரல், கிட்னி வரை போகும். வீட்டில் செய்ய வேண்டியது புதரை வெட்டுவதும், விறகுக் குவியலைச் சுவரிலிருந்து தள்ளி வைப்பதும், எலியை ஒழிப்பதும்.

அறிகுறி: விடியற்காலை வயிற்றுவலி, வாந்தி, இமை சொருகல்

தரையில் பாய் போட்டுப் படுத்தவருக்கு இப்படி வந்தால் "வாயுவாக இருக்கும்" என்று சோடா வாங்கிக் கொடுக்காதீர்கள். கட்டுவிரியன் ராத்திரியில்தான் வரும். கடித்த இடம் பல நேரம் வலிக்காது, வீங்காது, பல் தடமும் சரியாகத் தெரியாது. கயிறு கட்டாமல், கீறாமல், அசையாமல் படுக்க வைத்து 108-இல் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை நான்குக்கும் சேர்த்தே வருகிறது. பாம்பைப் பிடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை.

பாம்பு ஏன் உள்ளே வருகிறது? ராகி மூட்டைக்கு எலி வருகிறது, எலிக்குப் பாம்பு. மூட்டையை மேடையில் ஏற்றுங்கள், கதவடி இடுக்கை அடையுங்கள், கட்டிலில் படுங்கள். கட்டில் இல்லையென்றால் கொசுவலையைப் பாய்க்கு அடியில் நான்கு பக்கமும் நன்றாகச் சொருகிவிட்டுத் தூங்குங்கள். டெங்கு போகட்டும், இந்த ஒன்றுக்காகவே வலை வாங்கலாம்.

அறிகுறி: சித்திரை, வைகாசியில் தலைசுற்றல், தூக்கமின்மை, பெரியவர்களுக்கு மயக்கம்

ஷீட் வீடு பகலில் வாங்கிய சூட்டைச் சாயங்காலம் வரை கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். தார்சு வீடு ராத்திரி முழுக்க இறக்கும். கூரையில் வெள்ளைச் சுண்ணாம்போ வெள்ளைப் பெயிண்டோ அடிப்பதுதான் குறைந்த செலவில் நல்ல தீர்வு. மாசியிலேயே அடித்துவிடுங்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை மட்டும் அறுக்காதீர்கள், துளை போடாதீர்கள், காய்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். அந்தத் தூசு புற்றுநோய் தரும்.

அறிகுறி: அடிக்கடி வயிற்றுப்போக்கு, குழந்தைக்குச் சோகை

தண்ணீரை மொள்ளும் கை, கழிப்பறை, தரை ஆகிய மூன்றையும் பாருங்கள். பானைக்கு நீளக் கைப்பிடி மொந்தை. கழிவறைக் குழிக்கும் போருக்கும் குறைந்தது 50 அடி. மண் தரையைச் சிமெண்டாக்கிய மெக்சிகோ அரசுத் திட்டத்தில் குழந்தைகளுக்குக் குடற்புழுவும் வயிற்றுப்போக்கும் சோகையும் நன்றாகவே குறைந்தன. முழு வீட்டுக்கும் பணமில்லை என்றால் குழந்தை தவழும் இடத்துக்கு மட்டுமாவது சிமெண்டு போடுங்கள்.

அறிகுறி: வீட்டுப் பெரியவர் விழுந்துவிட்டார்

எங்கே விழுந்தார் என்று கேளுங்கள். ஈரக் குளியலறை, உயர்ந்த நிலைப்படி, ராத்திரி வெளிக் கழிப்பறைக்குப் போகும் இருட்டு வழி. ஒரு கைப்பிடிக் கம்பி, ஒரு விளக்கு, சொரசொரப்பான கல். விழுந்து எழுந்தவருக்கு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தர ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் அது தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான்.

வீட்டை மாற்ற நம் கையில் இல்லை என்றால்

வாடகை வீட்டுக்காரரிடம் "வீடு சரியில்லை" என்று சொன்னால் காலி செய்யச் சொல்வார். "இந்தச் சுவர் ஓதத்தால் குழந்தை இரண்டு முறை அட்மிட் ஆனாள், இந்த வெடிப்பை அடைத்தால் போதும்" என்று டிஸ்சார்ஜ் சீட்டையும் பிளாஸ்டிக் தாளையும் காட்டிப் பேசுங்கள். கேட்கும் வேலை சின்னதாக இருந்தால் பெரும்பாலும் நடக்கும்.

குடிசையில் இருந்து, பட்டா இடம் இருந்தால், 2024-இல் வந்த கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் தருகிறார்கள்; வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் கேளுங்கள். அப்படிக் கட்டும்போது அடுப்படிக்குப் புகைபோக்கியையும் எதிரெதிர் ஜன்னலையும் கொத்தனாரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், கட்டிய பிறகு உடைப்பதற்கு யாருக்கும் மனசு வராது. வாறுகால், குடிநீர் நாள் கணக்கு, தெருவிளக்கு போன்றவற்றைக் கிராம சபையில் எழுதிக் கொடுங்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே நகரவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாள். மனுவில் தெருவின் பெயரும், அந்தத் தெருவில் எத்தனை வீட்டில் யார் யார் எதற்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள் என்பதும் இருக்கட்டும். மனுவோடு சீட்டுகளின் ஜெராக்ஸை இணைத்து, ரசீது எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.